மழை மாதத்தில் வரும் ஊழியக் குழுவும் பதினைந்து நிமிட அட்டவணையும்

குளக்கட்டு எழுதியது:

எங்கள் சபைக்கு மார்கழி (டிசம்பர்) நடுப்பகுதியில் கனடாவில் இருந்து ஓர் ஊழியக் குழு வருகிறது. பெரும்பாலானோர் இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள். தமிழ் விளங்கும், பேசத்தான் வெட்கம். அவர்களுடைய சபையைச் சேர்ந்த வெள்ளைக்காரர்கள் சிலரும் கூட வருகிறார்கள். நேற்று அட்டவணை வந்து சேர்ந்தது. அதிகாலையில் கட்டுநாயக்கவில் இறங்குகிறார்கள், மதியம் கிளிநொச்சியில் சாப்பிடுகிறார்கள், மாலை 3.15க்கு முன்பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசத் தொடங்கிவிடுகிறார்கள். மறுநாள் மருத்துவ முகாம். பிறகு விடுமுறை வேதாகமப் பாடசாலை, வீடு சந்திப்பு, வாலிபர் கூட்டம், கரோல் பவனி. ஓய்வு என்று போட்டிருக்கும் இடத்திலும் பதினைந்து நிமிடம்தான்.

மார்கழியில் வன்னி எப்படி இருக்கும் என்று இந்தக் களத்தில் விளக்கத் தேவையில்லை. மழை பிடித்துக்கொண்டால் பாடசாலை மண்டபம் இடைத்தங்கல் முகாமாகிவிடும். அந்த மண்டபத்தில்தான் வேதாகமப் பாடசாலை என்று அட்டவணை சொல்கிறது.

இதற்கு முன் வேறொரு நாட்டில் இருந்து வந்த குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வர்ணம் பூச வேண்டிய நாளன்று ஊரில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். சனசமூக நிலையத்துக் கதிரைகள் எல்லாம் மரணவீட்டுக்குப் போய்விட்டன, சபை வாலிபர்கள் பந்தல் போடப் போய்விட்டார்கள். குழுத் தலைவர் வான் வண்டிக்குள் இருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்களில் ஒரு பிள்ளை மட்டும் எங்கள் பெண்களோடு பக்கத்து வளவுக்குப் போய், அங்கே ஊற்றிய வெறுந்தேநீரைத் தட்டத்தில் வைத்துப் பந்தலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினாள். முதல் சுற்றில் பாதித் தேநீர் தட்டத்திலேயே ஊற்றுப்பட்டுவிட்டது. ஓர் ஆச்சி அவளைக் கையில் பிடித்துப் பாயில் இருத்தி, நீ யாருடைய பேத்தி என்று கேட்டார். பிள்ளை தடுமாறித் தடுமாறி உருத்திரபுரம் என்று ஊரைச் சொல்ல, ஆச்சி அவளுடைய அம்மம்மாவின் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை சொல்லிவிட்டார். அந்தக் குழுவில் இன்றுவரை ஊரார் விசாரிப்பது அவளை ஒருத்தியைத்தான்.

ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்பி அனுப்பிய அறிக்கையில் அந்த நாளுக்கு நேரே, பணி நடைபெறவில்லை என்று ஒரு வரிதான் இருந்தது.

இந்த முறை வருகிறவர்களுக்கு முன்கூட்டியே என்ன எழுதலாம்? அட்டவணை மாறும், மனம் சோராதீர்கள் என்று எப்படி மரியாதையாகச் சொல்வது?

முறிகண்டிச் சாரதி எழுதியது:

தம்பி, முதல் நாளை நான் இப்போதே மாற்றிவிடுகிறேன். விமான நிலையத்தில் இருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 300 கிலோமீற்றர். இரவு முழுக்க வாசலில் காத்துக் கிடந்த சாரதியை உடனே ஓடச் சொன்னால், வவுனியாவுக்கு இந்தப் பக்கம் நேரான வீதியில் கண் தானாகச் சொக்கும். அவர்களை முதல் இரவு நீர்கொழும்பில் தங்கச் சொல்லுங்கள். வர்ணம் மறுநாளும் வாளிக்குள் இருக்கும்.

இன்னொன்று. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நான் இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். முன்பு ஒரு குழு இது ஏன், அவசியமா என்று தங்களுக்குள் ஆலோசனை நடத்தியது. நான் வருவதற்குள் பாதிப் பேர் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். அட்டவணையில் அதற்கும் நேரம் போடுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் வீடு சந்திப்பு இருக்கிறதா? பெருமழை என்றால் வட்டுவாகல் பழைய பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும். மாங்குளம் வழியாக ஒட்டுசுட்டான் சுற்றிப் போகலாம், அங்கும் குளம் நிரம்பினால் வீதி மூடப்படும். போகும் வழியை அன்று காலையில்தான் என்னால் சொல்ல முடியும்.

பனிநாட்டுப் பிள்ளை எழுதியது:

நான் அப்படியான குழு ஒன்றில் வந்தவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் அண்ணா.

அட்டவணை பெருமைக்காகப் போடுவதல்ல. சபையில் அப்பம் விற்று, கார் கழுவிச் சேர்த்த காசில் வருகிறோம். கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்தால், அவர்கள் எந்த நேரத்தில் எங்கே, யார் பொறுப்பில் இருப்பார்கள் என்று பெற்றோரும் காப்புறுதிக்காரரும் எழுத்தில் கேட்பார்கள். வருடம் முழுவதற்கும் கிடைக்கும் விடுமுறையை இதற்கென்று எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம், இன்று எதுவும் இல்லை, கதிரையில் இருங்கள் என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

எனக்கு வந்த மாற்றம் மழையால் வந்ததல்ல. கொரோனாவுக்குப் பிறகு இலங்கையில் பாடசாலைத் தவணைகள் எல்லாம் இடம்பெயர்ந்திருந்தன. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 தை (ஜனவரி) மாதத்தில் நடந்தது, சாதாரண தரம் வைகாசியில் நடந்தது. நாங்கள் பழைய நினைப்பில் ஆவணி விடுமுறை என்று எண்ணி வந்து இறங்கினால் பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கிறார்கள். காலையில் நடத்த வேண்டியதை மாலைக்கு மாற்றினோம். மாலையில் வந்த பிள்ளைகள் களைத்துப் போயிருந்தார்கள், பெண்பிள்ளைகளை இருட்டும் முன் அனுப்ப வேண்டும், சிலருக்குத் தனியார் வகுப்பு வேறு. பாட்டும் கைவேலையும் பாதியாயின. அதைத் தேவன் தந்த அழகான திருப்பம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தவணைத் திகதியை யாராவது எங்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே!

ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் எழுதியது:

தம்பிமாரே, இந்தத் தீவில் புரட்டஸ்தாந்து ஊழியத்தின் சரித்திரமே திட்டம் தவறிய சரித்திரந்தான்.

மெதடிஸ்தரை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கு ஊழியர் அனுப்ப வேண்டும் என்று பல ஆண்டு வாதாடி, தாமே தலைமை தாங்கிக் கப்பலேறியவர் கலாநிதி தோமஸ் கோக். 1814 மே மாதத் தொடக்கத்தில் அவர் இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்துபோனார். கூட வந்த இளைஞர்கள் அந்த ஆண்டு ஜூன் முடிவில் காலியில் இறங்கினார்கள். தலைவர் இல்லை, அனுபவம் இல்லை, மொழியும் இல்லை. அவர்களில் இருவரான லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள்.

அமெரிக்க மிஷன் கதை இதைவிட விசித்திரம். 1812இல் கப்பலேறிய முதல் அமெரிக்க மிஷனரிமாரின் எண்ணத்தில் யாழ்ப்பாணம் இருக்கவேயில்லை. அவர்கள் போய் இறங்கியது கல்கத்தாவில். கிழக்கிந்தியக் கம்பனி தங்க விடவில்லை. சாமுவேல் நியூவெல் மனைவியோடு மொரீசியசுக்குப் புறப்பட்டார். வழியில் கப்பலில் பிறந்த குழந்தை இறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மனைவி ஹரியெற்றும் மொரீசியசில் 19 வயதில் இறந்தார். தனியனாக அவர் 1813இல் இலங்கையை அடைந்தார். அவர் எழுதிய கடிதங்களும் அமெரிக்க மிஷன் இங்கே வருவதற்கு ஒரு காரணம். 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் பணி தொடங்கினார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி, மானிப்பாயில் வைத்தியர் கிறீனின் தமிழ் மருத்துவக் கல்வி எல்லாம் அதன் பின் வந்தவை. நியூவெலோடு ஒரே காலத்தில் கல்கத்தாவில் இருந்து துரத்தப்பட்ட இன்னொரு அமெரிக்க மிஷனரியான அதோனிராம் யட்சன் பர்மாவுக்குப் போனார்.

ஆனால் நியூவெலுக்கு இது இனிய திருப்பமாக இருந்தது என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. இருபது வயதைக் காணாத மனைவியை ஒரு தீவில் அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதர் அவர். பலனைக் காண்பவர்கள் நாங்கள். விலை கொடுத்தவரிடம் போய் மகிழ்ந்திரு என்று சொல்லக் கூடாது.

வேதத்திலும் அப்படித்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அங்கும் தடை. துரோவாவில் வந்து நிற்கும் இரவில்தான் மக்கெதோனியக் கனவு வருகிறது. இரண்டு கதவு மூடிய பிறகும் அவர் நடந்துகொண்டே இருந்தார் என்பதைப் பிரசங்கிகள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

மடுப் பாதை எழுதியது:

கத்தோலிக்கர் சார்பில் ஒரு சிறு குறிப்பு. 2015 தை (ஜனவரி) 13இல் பாப்பரசர் பிரான்சிஸ் இலங்கைக்கு வந்தபோது, விமான நிலையத்தில் இருந்து வெயிலில் சனத்துக்குக் கையசைத்து ஊர்ந்து வந்ததில் நேரம் போய், ஆயர்களுடனான சந்திப்பு கைவிடப்பட்டது. மறுநாள் காலி முகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார், மதியத்துக்குப் பின் எங்கள் மடு மாதா திருத்தலத்துக்கு வந்தார். அன்று மாலை கொழும்பு திரும்பியதும், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு பௌத்த விகாரைக்கும் போனார். பாப்பரசரின் நிரலே ஆடுகிறது என்றால் உங்கள் 3.15 எம்மாத்திரம்?

அந்த வாஸ் அடிகளாரும் 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் போடப்பட்டவர்தான்.

கிளினிக் கொப்பி எழுதியது:

பெரியவர்கள் பாப்பரசர், பவுல் என்று மேலே போய்விட்டார்கள். நான் தாதி. கீழே இழுக்கிறேன்.

மருத்துவ முகாம் என்று ஒரு நாளைப் போட்டிருக்கிறார்களே, அனுமதி யார் எடுத்தது? வெளிநாட்டு வைத்தியர் இங்கே ஒரு நோயாளியைத் தொட வேண்டுமானால் இலங்கை மருத்துவப் பேரவையின் தற்காலிகப் பதிவு வேண்டும். அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டி நிறைய மருந்து கொண்டுவருவதற்கும் தேசிய மட்டத்தில் அனுமதி எடுக்க வேண்டும். சுற்றுலாவுக்கான விசா சுற்றுலாவுக்குத்தான், மேடை போட்டுப் பிரசங்கம் செய்வதற்கு அது போதாது. இவற்றில் ஒன்று இல்லாமல் முகாம் நின்றுபோனால் அதை எதிர்பாராத மாற்றம் என்று சொல்லாதீர்கள். எதிர்பார்த்திருக்க வேண்டிய மாற்றம் அது. தேவசித்தத்தின் தலையில் கட்டக் கூடாது.

நான் கண்ட முகாம் ஒன்று இப்படித்தான் முதல் நாள் இரவு நின்றது. வந்த வைத்தியர் கோபப்படவில்லை, அது பெரிய விடயம். மறுநாள் அவரும் குழுவினரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கிளினிக்குக்குப் போகாமல் விட்டவர்கள் யார் யார் என்று எங்கள் பெண்களோடு வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். ஒரு வீட்டில் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து கிளினிக் கொப்பியை எடுத்தார். பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு, காணி உறுதிக்குக் கீழே வைத்திருந்தார். கடைசித் திகதி போய்ப் பல மாதம். ஏன் போகவில்லை என்று கேட்டால், பஸ் பிரதான வீதியில்தான் நிற்கும், முழங்கால் ஏலாது என்றார். அன்று அந்தக் குழுவின் வானே அப்படியானவர்களை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக ஓடியது. வைத்தியர் ஒரு குளிசையும் கொடுக்கவில்லை. ஒரு கிழமைக்குரிய பிரஷர் குளிசையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதைவிட, நின்றுபோன கிளினிக்கை மறுபடி தொடக்கிவிட்டது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வற்றாப்பளையான் எழுதியது:

நான் சைவன். இழையைத் தொடக்கத்தில் இருந்து வாசித்தேன். கோபம் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

வருகிறவர்களின் திட்டம் மாறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் ஊரின் திட்டத்தை யாரும் கேட்பதில்லை. குழு வருகிறது என்றால் முன்பள்ளிப் பிள்ளைகளை வெள்ளைச் சட்டை போட்டு வெயிலில் நிறுத்துகிறார்கள். வான் பிந்துகிறது, பிள்ளைகள் நிற்கிறார்கள். வயலில் களை பிடுங்க ஆள் வேண்டிய நாளில் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள். ஆண்டு முழுக்க எங்கள் திட்டத்தை மழையும் யானையும் நெல் விலையும் மாற்றுகின்றன. அதற்கு யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடுவதில்லை.

வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி கொடுப்பீர்கள், நன்றி. அந்த வரிசையில் நிற்கும் பசித்தவனைக் கண்ணை மூடச் சொல்லி ஜெபிக்காதீர்கள். உங்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, பொதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முதல் பதிவில் வந்த அந்தத் தேநீர்ப் பிள்ளை ஒருவருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருக்கும்.

சீயோன்குன்று எழுதியது:

நண்பரே, ஜெபம் செய்வது எங்கள் உரிமை. அதையும் விட்டுவிட்டால் ஊழியம் என்று எதற்கு வர வேண்டும்? அரசசார்பற்ற நிறுவனமாகவே வந்துவிட்டுப் போகலாமே.

குளக்கட்டு எழுதியது:

சீயோன்குன்று அண்ணா, ஜெபத்தை விடச் சொல்லி அவர் கேட்கவில்லை. வரிசையில் வேண்டாம் என்கிறார். எங்கள் மூப்பர்களும் அதையேதான் சொல்வார்கள். இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

கடற்கரைப் போதகர் எழுதியது:

சகோதரர் வற்றாப்பளையானுக்கு நன்றி. நான் முல்லைத்தீவுப் பக்கம் ஊழியம் செய்கிறவன்.

2018 மார்கழியில் நத்தாருக்குச் சில நாள் முன் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே இரவு மழை, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் சனம் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடியது. அந்த நத்தாருக்குப் பல சபைகள் கரோலை விட்டுவிட்டுச் சமையலில் இறங்கின. அப்படி நேரத்தில் வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கிறவரால் என்ன பயன் என்றால், உண்மையில் அதிகம் இல்லை. அவருக்குப் படகு ஓட்டத் தெரியாது, யார் வீடு எங்கே என்று தெரியாது. ஆனால் கிராம உத்தியோகத்தருக்குப் பக்கத்தில் இருந்து பெயர்ப் பட்டியல் எழுதலாம். வெங்காயம் உரிக்கலாம். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் போகவிடாமல் விளையாட்டுக் காட்டலாம். வேதாகமப் பாடசாலைக்கென்று பழகிவந்த அசைவுப் பாட்டுகள் முகாமில் பிள்ளைகளை வைத்திருப்பதற்கு நன்றாகவே உதவும். என்ன செய்யட்டும் என்று எங்கள் ஆட்களிடம் கேட்டுச் செய்தால் போதும்.

பனிநாட்டுத் தம்பி சொன்னதிலும் நியாயம் உண்டு. எங்களிடம் ஒரு பழக்கம்: வருகிறவர்கள் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவோம். மண்டபம் கிடைக்காது என்று மூன்று கிழமைக்கு முன்பே தெரிந்திருக்கும், கடைசி நாள் வரை சொல்ல மாட்டோம். பிறகு அவர்கள் வந்து நின்றதும் விசுவாசத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வசனம் சொல்வோம். அது சரியில்லை. தெரிந்ததைத் தெரிந்த அன்றே எழுத வேண்டும். தெரியாமல் வருவதைத்தான் சேர்ந்து சுமக்கலாம்.

அவர்கள் ஏமாற்றத்தில் அழுதால் அழ விடுங்கள். நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே என்று சொல்லும் யாக்கோபு நான்காம் அதிகாரத்தை உடனே எடுக்காதீர்கள். மாலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம்.

குளக்கட்டு எழுதியது:

அவர்களுக்கு அனுப்பும் கடிதத்தை எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

"அன்பானவர்களே, உங்கள் அட்டவணை கிடைத்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக யார் எங்கே என்ற பட்டியலை அப்படியே வைத்திருப்போம், இடம் மாறினால் பட்டியலையும் உடனே மாற்றுவோம். மற்றவற்றில் ஒரு நாளைக்கு ஒரு வேலையை மட்டும் காலையில் வைத்திருக்கிறோம். பிற்பகல் ஊரோடு. மருத்துவ முகாமுக்கு அனுமதி இதுவரை இல்லை. கார்த்திகை நடுப்பகுதிக்குள் கிடைக்காவிட்டால் முகாம் இல்லை, நீங்கள் கிளினிக் பயணத்துக்கு வான் தருவீர்கள். பாடசாலை மண்டபம் மழையைப் பொறுத்தது. முன்பள்ளிப் பிள்ளைகளை வரவேற்புக்கு நிறுத்த மாட்டோம். ஊரில் மரணம் நேர்ந்தால் எல்லா வேலையும் நிற்கும், நீங்களும் எங்களோடு வருவீர்கள். உங்கள் சபைக்கு அறிக்கை எழுதும்போது அந்த நாளையும் பணி நாளாகவே எழுதுங்கள்."

பனிநாட்டுப் பிள்ளை எழுதியது:

நன்றாக இருக்கிறது அண்ணா. முதல் வரியிலேயே, இதைக் காசு கொடுத்தவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள் என்று சேருங்கள். அட்டவணையைப் பார்த்துத்தான் அவர்கள் காசு கொடுத்திருப்பார்கள். இதைக் கேட்டுவிட்டுக் கொடுத்தால் பிறகு குழுத் தலைவருக்கு நெஞ்சிடி இல்லை. எப்போது வேண்டுமானாலும் தூக்கிப்போடக் கூடிய காலணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் கொண்டுவந்த விலையான சப்பாத்து வன்னிச் சேற்றோடு போனது.

கிளினிக் கொப்பி எழுதியது:

"நீங்கள் வான் தருவீர்கள்" என்பதை, "வானைத் தர முடியுமா" என்று மாற்றுங்கள் தம்பி. கேட்டால் தருவார்கள். வயதானவர்களுக்கு ஏறி இறங்கச் சிறு பலகைப் படி ஒன்றும் வேண்டும், அதை நீங்களே அடித்து வையுங்கள்.

முறிகண்டிச் சாரதி எழுதியது:

படி என்னிடம் இருக்கிறது. நீர்கொழும்பில் தங்குவார்களா மாட்டார்களா என்பதை மட்டும் இந்த மாத முடிவுக்குள் சொல்லுங்கள். தங்குவதென்றால் நான் இங்கிருந்து ஒரு நாள் பிந்திப் புறப்படலாம். அந்த நாளுக்கு மாங்குளத்தில் ஒரு கல்யாண ஓட்டம் கேட்டிருக்கிறார்கள், இன்னும் மறுமொழி சொல்லவில்லை.